மூன்று லோடு கல்

இராத்திரி முழுக்க மழை கொட்டித் தீர்த்திருந்தது, ஆனால் காலையில் சம்ப்பில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட இல்லை.

மலர்க்கொடி இரும்பு மூடியைத் தூக்கிச் சுவரில் சாத்திவிட்டுக் குனிந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள். சிமெண்ட் தரை வெளுத்துக் காய்ந்து கிடந்தது, மூலையில் ஒரு பல்லி மட்டும் வெளிச்சத்துக்குக் கண் கூசாமல் ஒட்டியிருந்தது. மேலே ஓட்டுக்கூரை விளிம்பில் இன்னும் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. தகர வாய்க்கால் நிறைந்து, நீலக் குழாய் வழியாகச் சளசளவென்று இறங்கி, கட்டிடத்துக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டித் தொட்டிக்குள் விழுகிற சத்தம் விடாமல் கேட்டது. மைதானத்தில் கணுக்கால் அளவு தண்ணீரில் வேப்பஞ்சருகுகள் மிதந்தன. ஐப்பசி மழையில் ஊரே ஊறிக் கிடந்தது. கூரையில் விழுந்த தண்ணீர் வடிகட்டித் தொட்டிக்குப் போகிறது. வடிகட்டித் தொட்டியிலிருந்து சம்ப்புக்கு வரவில்லை. நடுவில் எங்கே போகிறது?

"அடைப்பு இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மூடியை மூடினாள்.

அது ஒரு காலத்தில் ஊரின் தொடக்கப்பள்ளி. பிள்ளைகளெல்லாம் மஞ்சள் வேன் ஏறி இங்கிலீஷ் மீடியத்துக்குப் போக ஆரம்பித்த பிறகு டீச்சரும் நாற்காலியும்தான் மிஞ்சினார்கள். அப்புறம் டீச்சரும் போய்விட்டார். பூட்டிய கட்டிடத்தில் ஆடு அடைத்தார்கள், சீட்டாடினார்கள், பாட்டில் உடைத்தார்கள். போன சித்திரையில் திருச்சி அறக்கட்டளையிலிருந்து கீதாஞ்சலி மேடம் வந்து, இதை ஊருக்கே பயன்படுகிற இடமாக மாற்றலாம் என்று கூட்டம் போட்டுப் பேசினாள். சொன்னபடி செய்தும் காட்டினாள். கூரையில் சோலார் பலகை, ஒரு வகுப்பறையில் சாமை உடைக்கிற மிஷின், இன்னொன்றில் தையல், பெரிய வகுப்பறையில் சாயங்காலப் படிப்பு. வாசலில் 'மக்கள் மையம்' என்று பலகை. ஊர் வாயில் அது 'சென்டரு'.

சென்டரின் சாவிக்கொத்தை மலர்க்கொடியிடம் கொடுத்தார்கள். சாமர்த்தியசாலி என்றெல்லாம் இல்லை, புருஷனைத் தூக்கிக் கொடுத்தவள் என்கிற பரிதாபம்தான். தமிழழகன் லோடு லாரி ஓட்டினான். தை மாதத்தில் ஒரு விடிகாலை, அரியலூர் ரோட்டில், நின்றுகொண்டிருந்த வண்டியின் பின்னால் விட்டு அங்கேயே முடிந்துபோனான். ஊரே மாரடித்து அழுதது. இவள் அழவில்லை. அன்றைக்கும் அழவில்லை, அப்புறமும் இல்லை. கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் இறக்கிவைப்பாள், விரல் கொப்பளித்த பிறகுதான் பார்ப்பாள். "புள்ளைக்கு மனசு மரத்துப்போச்சு" என்று பெண்கள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. ஆமாம், மரத்துத்தான் போயிருந்தது. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை.

மரக்காத ஒன்றே ஒன்று இருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் இனியா. அப்பா போன பிறகு வாயைத் திறக்காமல் இருந்த பிள்ளை, சென்டர் வந்த பிறகுதான் மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தாள். இவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்கிற பயம் மட்டும் மலர்க்கொடிக்குள் எப்போதும் விழித்துக்கொண்டே இருந்தது. மிச்சமெல்லாம் போனால் போகட்டும்.

மதியம் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பிளம்பர் சைபுல்லா வந்தான். சவுதியில் குழாய் வேலை பார்த்துத் திரும்பியவன். பாலைவனத்துக்கே தண்ணீர் விட்டவன் நான் என்று அவனே அடிக்கடி சொல்லிக்கொள்வான்.

"இது நான் போட்ட லைன், அக்கா. லீக்குன்னா என் மீசைய எடுத்துக்கிறேன்," என்றான்.

"மீசைய வெச்சு நான் என்ன பண்றது? தண்ணிய வர வைய்யி."

குழாயைக் கழற்றினான், கம்பி விட்டுக் குத்தினான், தொட்டிச் சுவரைச் சுற்றிலும் தட்டிப் பார்த்தான். அடைப்பும் இல்லை, விரிசலும் இல்லை. கடைசியில் அடிபம்பில் இரண்டு வாளி தண்ணீர் அடித்து வந்து வடிகட்டித் தொட்டியின் மூடிக் கற்பலகையில் இருந்த இடைவெளி வழியாக ஊற்றிவிட்டு, சம்ப்பை நோக்கிப் போகிற குழாயின் வாயில் இரண்டு பேரும் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்லுக்குக் கல் தண்ணீர் சறுக்கி இறங்குகிற சலசலப்பு கொஞ்ச நேரம் கேட்டது. அது ஓய்ந்தது. அப்புறம் வேறொரு சத்தம்.

மடக். மடக். மடக்.

வெயிலில் நடந்து வந்தவன் சொம்பை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போது தொண்டைக்குள்ளிருந்து வருமே, அந்தச் சத்தம். ஒரு தொண்டை இல்லை. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று, அதற்குப் பின்னால் வேறொன்று, ஆழத்தில் கிழடுதட்டிய ஏதோ ஒன்று இருமிக்கொண்டே குடித்தது.

"காத்து அடைச்சிருக்கும்," என்றாள் மலர்க்கொடி.

"காத்து இப்படிக் குடிக்காதுக்கா." சைபுல்லா எழுந்து தொட்டியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தான். "அஸர் தொழுகைக்கு நேரமாயிடுச்சு. நாளைக்கு வந்து பாக்குறேன், இன்ஷா அல்லா."

அவன் வரவில்லை. அவனுடைய ஸ்பானர் பை தொட்டி ஓரத்திலேயே நனைந்து கிடந்தது. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் பெரிய வகுப்பறைக் கதவைத் திறந்தபோது முதலில் வாசனை வந்தது. நல்லெண்ணெய், சீயக்காய், திரிந்த பால், எங்கோ கொடியில் காயாமல் கிடக்கிற ஈர வேட்டி, எல்லாம் சேர்ந்து, கூட்டம் கலைந்த கல்யாண மண்டபத்தில் மிஞ்சுகிற புழுக்கத்தோடு முகத்தில் அடித்தது. ஜன்னல்கள் அவள் நேற்றுப் பூட்டியபடியே இருந்தன. தரையில் ஈரத் தடங்கள். பாதத் தடம் என்றால்கூட யாரோ பூந்து வந்தார்கள் என்று திட்டிவிட்டுப் போயிருப்பாள். இவை உட்கார்ந்த தடங்கள். நனைந்த துணியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தவர்கள் எழுந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படி, சுவரிலிருந்து சுவர் வரைக்கும், வரிசை வரிசையாக. பந்திக்கு உட்கார்ந்த மாதிரி. இலைக்காகக் காத்திருந்த மாதிரி.

அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். ஒழுகின அடையாளம் இல்லை. வாளியும் துணியும் எடுத்து வந்து துடைத்தாள். அதுதான் அவளிடம் இருந்த கோளாறு. எதுவானாலும் துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

பாதி துடைத்திருக்கும்போது சின்னப்பிள்ளை சாமை மூட்டையோடு வந்து நின்றாள். மகளிர் குழுவில் வாய் அதிகமுள்ளவள். அவள் வருகிறாள் என்பது தெருமுனையிலேயே தெரிந்துவிடும்.

"என்னடி மலரு, ராவுல யாருக்கோ விருந்து வெச்சியா? இத்தன பேரு உக்காந்து தின்னுட்டுப் போயிருக்காங்க, என்னை ஒரு வார்த்த கூப்புடல பாத்தியா!"

"கூரை ஒழுகுது யக்கா."

சிரித்துக்கொண்டே படியில் காலை வைத்த சின்னப்பிள்ளை அங்கேயே நின்றாள். மூக்கு விடைத்தது. முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

"எவ வூட்லயாச்சும் கருமாதியா இன்னைக்கு? எண்ண வாட அடிக்குதே."

"அப்படி ஒண்ணுமில்லியே."

சின்னப்பிள்ளை வைத்த காலை எடுத்துக்கொண்டாள். சாமையை அப்புறம் உடைத்துக்கொள்ளலாம் என்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் மலர்க்கொடிக்கு உறுத்தியது.

சாயங்காலம் படிப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்தார்கள். இனியாவைக் காணோம். ஸ்கூல் பை மட்டும் சுவரோரம் இருந்தது. மலர்க்கொடி இரண்டு தரம் கூப்பிட்டாள், வாசலில் பார்த்தாள், மிஷின் அறையில் பார்த்தாள், மைதானத்துத் தண்ணீரில் புடவை நனைய ஓடிக் கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தபோது, வடிகட்டித் தொட்டியின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்து மூச்சே திரும்பி வந்தது. பிள்ளை தன் வாட்டர் பாட்டிலைக் கற்பலகையின் இடைவெளியில் கவிழ்த்துப் பிடித்திருந்தாள், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், சின்னக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற கவனத்தோடு.

"என்னடி பண்ற இங்க?"

"தாகமா இருக்காம்."

"யாருக்கு?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல இனியா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பாவுக்கு. அந்த மூலையில இருக்காரு. மத்தவங்களும் நெறைய பேரு கேக்குறாங்க. அவங்கள எனக்குத் தெரியாது, அதனால குடுக்கல."

மலர்க்கொடி அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அடிக்கவும் கை ஓங்கியது, அணைக்கவும் கை நீண்டது. இரண்டும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டு, கதவைத் தாழ்ப்போட்டு, தாழ் சரியாக விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் படுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. பத்து மாசத்தில் இவ்வளவு தெளிவாக எதுவும் உறைத்ததில்லை.

விடிந்ததும் சின்னப்பிள்ளையைக் கையோடு அழைத்துப் போனாள். இரண்டு பேருமாகக் கடப்பாரை கொடுத்து நெம்பிக் கற்பலகையை நகர்த்தினார்கள். வடிகட்டித் தொட்டியில் அடியில் மணல், நடுவில் கரி, மேலே கல். இரண்டு நாள் மழை அத்தனையும் தலையில் விழுந்த கற்கள். ஒன்றில்கூட ஈரம் இல்லை. வழவழவென்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற கற்கள், வெயிலில் கிடந்த சுண்ணாம்புக்கட்டிபோல வெளுத்து, வாய் பிளந்து கிடந்தன.

அந்தக் கற்களைக் கொண்டுவந்து போட்டவன் டிராக்டர் வைத்திருக்கும் தர்மராஜ். பக்கத்தில் கிடைக்கிற பொருளை வைத்துத்தான் கட்ட வேண்டும், கிரஷர் ஜல்லி ஒரு கூடைகூட வரக் கூடாது, பூமியை உடைத்தது போதும் என்று கீதாஞ்சலி மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கீழப்பழுவூர் பக்கம் திரும்பின இடமெல்லாம் ஜல்லி. அது கூடாதென்றால் எங்கே போவது? தர்மராஜ் யோசித்தான். வைகாசியில் ஏரி பொட்டல் காடாகக் கிடந்தது. ஜேசிபியை இறக்கிப் படித்துறை ஓரமாக மூன்று லோடு அள்ளி வந்தான். 'எவ்வளவு அழகான கல்!' என்று மேடம் போட்டோ எடுத்தாள். ஊரே கூடி நின்று பார்த்தது. ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சின்னப்பிள்ளை குனிந்து பார்த்தாள். ஒரு கல்லில் மஞ்சள் கறை. ஒன்றில் இற்றுப்போன நூல் சுற்று. அதோ, மூலையில் ஒன்று, எண்ணெய் மினுக்கு இன்னும் போகாமல், புதுசாக.

"அடப்பாவி தர்மராஜு," என்றாள் மெதுவாக. "எந்த எடத்துலடா அள்ளுன?"

மலர்க்கொடிக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் அவள் வாய் கேட்டது. "எந்த எடம் யக்கா?"

"கருமாதிக்கு ஏரிக்கரையில கல்லு நடுறமே, மறந்துட்டியா? செத்தவங்க இவங்கதான்னு அந்தக் கல்லுக்கு எண்ண தேச்சு, பால ஊத்தி, சோறு படைச்சு, முடிஞ்சதும் பெத்த புள்ள புடுங்கி முதுகுக்குப் பின்னாடி தண்ணியில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வர்றோம்ல? போயிடு, வராதேன்னுதான போடுறோம்? காலங்காலமா போட்ட கல்ல அள்ளியாந்து கூரைக்குக் கீழ வெச்சிருக்கோம். மழைக்கு மழ தலையில தண்ணி ஊத்துறோம். கூட்டியாந்து வெச்சுத் தண்ணியுங் குடுத்தா அவுங்க என்ன நெனைப்பாங்க சொல்லு. வூட்டுக்குக் கூப்புடுறாங்கன்னுதான நெனைப்பாங்க?"

மலர்க்கொடி மூலையில் இருந்த கல்லை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாத!" என்று கத்தினாள் சின்னப்பிள்ளை.

அன்றைக்கே பிள்ளையார் கோயில் முன்னால் ஊர் கூடியது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தர்மராஜ்தான் முதலில் எகிறினான், ஆனால் அவன் அப்பன் கல்லும் அந்த மூன்று லோடில்தான் இருக்கிறது என்று யாரோ எடுத்துச் சொன்னதும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கீதாஞ்சலி மேடத்துக்குப் போன் போட்டார்கள். ஒரு வாரம் பொறுங்கள், நான் வந்து பேசுகிறேன் என்றாள். பொறுக்க யாரும் தயாராக இல்லை. எல்லாக் கல்லையும் ஏரிக்குக் கொண்டுபோய், வீட்டுக்கு வீடு ஆள் வந்து, முறைப்படி மறுபடியும் போட்டுவிடுவது என்று முடிவானது.

"எந்தக் கல்லு எவங்க வூட்டுக் கல்லுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

தர்மராஜ் அலுத்துக்கொண்டான். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துப் போடுவோம் மலரு. மிச்சத்தச் சேத்துக் கொட்டிருவோம். எது யாருன்னு சாமிக்குத் தெரியாதா? உன் வூட்டுக்கு இனியா வரட்டும். அன்னைக்குப் பங்காளி மவன் போட்டான், இந்தத் தடவ பெத்த புள்ளயே போடட்டும்."

"அவ வரமாட்டா. நான் போடுறேன்."

"பொண்டாட்டி போடுற வழக்கம் ஏது? பக்கத்துல நின்னு கையப் புடிச்சுக்க, அம்புட்டுதான்."

சின்னப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "பொழுது சாயறதுக்குள்ள முடிச்சிரணும். போட்டுட்டுத் திரும்புனா, ரோட்டுக் குழாயில கால் கழுவுற வரைக்கும் எவங் கூப்புட்டாலும் திரும்பக் கூடாது. அதுங்க தெரிஞ்ச குரல்லதான் கூப்புடும். ஏமாந்துறாதீங்க."

பொழுது சாய்வதற்குள் முடியவில்லை. மூன்றாவது நடையில் டிராக்டர் களிமண்ணில் புதைந்து, ஆள் சேர்த்துத் தள்ளி, ஏரிக்கரைக்குப் போய்ச் சேரும்போது மேற்கே மேகத்துக்குக் கீழ் ஒரு கோடு வெளிச்சம்தான் பாக்கி. ஏரி நிறைந்து படித்துறையின் மேல்படி வரைக்கும் தளும்பியது. தண்ணீர் கறுப்பாக இருந்தது. தவளைகூடக் கத்தவில்லை. ஊர்க்காரர்கள் வரிசையாக ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். தர்மராஜ் டிராக்டர் பெட்டியிலிருந்து கல்லை எடுத்து எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டே வந்தான், பிரசாதம் கொடுக்கிறவனின் அவசரத்தோடு.

இனியாவின் கையிலும் ஒன்றைத் திணித்தான். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"இது அப்பா இல்லம்மா."

"பேசாம வெச்சுக்க பாப்பா."

"இது யாரோ ஒரு தாத்தா. அப்பா தர்மராஜ் மாமா கையில இருக்காரும்மா."

மலர்க்கொடி திரும்பிப் பார்த்தாள். வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்ட தர்மராஜின் கையில் இருந்த கல் அந்த மங்கலிலும் எண்ணெயாக மினுங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணே, அத இங்க குடுங்க என்று ஒரு வார்த்தை. எல்லோரும் அவசரப்பட்டார்கள், இருட்டிக்கொண்டு வந்தது, எப்படியாவது இது முடிந்து பிள்ளையோடு வீட்டுக்குப் போய்த் தாழ்ப்போட்டுக்கொண்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மேலும், அந்தக் கல்லைக் கையில் வாங்கித் தொட வேண்டியிருக்குமே.

"எல்லாம் கல்லுதான். பேசாம போடு," என்றாள்.

"போடுங்கப்பா!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள். கல்லைத் தலைக்கு மேலே தூக்குவதற்காக இனியா அம்மாவின் கையை விட்டாள். முதுகுக்குப் பின்னால் தொபுக் தொபுக்கென்று கற்கள் விழுந்தன. டிராக்டர் பெட்டி சாய்ந்து மிச்சக் கற்கள் சரிந்து கொட்டின. அலை வந்து படிக்கட்டில் மோதியது. பிறகு கை மறுபடியும் வந்து அவள் கைக்குள் புகுந்துகொண்டது. நனைந்திருந்தது. மழையும் தூறத் தொடங்கியிருந்தது.

"போட்டாச்சா?"

"ம்."

நடந்தார்கள். கரையிலிருந்து ரோட்டுக்கு வருகிற மண்பாதை சேறாகக் குழைந்து காலைக் கவ்வியது, கருவேலம்பூ வாசனையோடு நனைந்த மண்ணின் பச்சை வாசனை எழும்பியது, மழைத்துளி காதோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது, முன்னால் போகிறவர்களின் முதுகுகள் இருட்டில் அசைந்து அசைந்து போவதை மட்டும் பார்த்துக்கொண்டு மலர்க்கொடி நடந்தாள். கைக்குள் கை இருந்தது. அது போதும்.

"அம்மா."

பின்னாலிருந்து.

நிற்கவில்லை. கையை இறுக்கினாள். கையும் இறுக்கியது.

"அம்மா, நில்லும்மா. என்னை விட்டுட்டுப் போற."

தெரிந்த குரலில்தான் கூப்பிடும். ஏமாறக் கூடாது. பிள்ளை கையில் இருக்கிறது. பிள்ளை கையில் இருக்கிறது.

"யாருந் திரும்பாதீங்க!" முன்னாலிருந்து சின்னப்பிள்ளை கத்தினாள். "எங்க ஆத்தா குரலுகூடக் கேக்குது! அப்படித்தான் கூப்புடும்! நடங்க!"

நடந்தார்கள். முன்னால் போகிற கூட்டம் வந்ததைவிட அதிகமாகத் தெரிந்தது. நெருக்கமாக. ஒவ்வொரு முதுகுக்கும் பக்கத்தில் இன்னொரு முதுகு. இருட்டு. மழை. கண் மங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"அம்மா, கால எடுக்க முடியலம்மா. மண்ணுக்குள்ள போவுது."

நடந்தாள்.

"நான் சொன்னேன்ல. அது அப்பா இல்லன்னு சொன்னேன்ல."

மலர்க்கொடியின் கால்கள் நின்றுவிட்டன. படித்துறையில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். அதைச் சொன்னது இனியா ஒருத்திதான்.

பின்னால் திரும்பவில்லை. பக்கத்திலும் திரும்பவில்லை. கண்ணை மட்டும் மெல்லத் தாழ்த்தினாள். சேற்றில் அவளுடைய இரண்டு பாதங்கள். அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள். பெரியவை. ஆம்பிளைப் பாதங்கள். தோல் ஊறி வெளுத்தவை. பாடையில் கிடத்தும்போது கட்டுகிற வெள்ளைத் துணியால் இரண்டு பெருவிரலும் சேர்த்துக் கட்டியிருந்தது. அவை இவ்வளவு தூரம் நடந்து வரவில்லை. சேற்றில் ஒரே கோடாக இழுபட்டு வந்திருந்தன.

"ஏன் நின்னுட்ட மலரு?" என்றான் தமிழழகன், பழைய குரலில், லோடு இறக்கிவிட்டு வந்த அலுப்போடு. "வா, வூட்டுக்குப் போவோம். புள்ள இங்கயே இருக்கட்டும், அவளுக்கு இங்க நல்ல தண்ணி."

கையை உதறினாள். வரவில்லை. கடித்தாள். ஈர மண் ருசி. "இனியா!" என்று அலறினாள். பத்து மாசமாக அடைத்துக் கிடந்தது அத்தனையும் அந்தப் பெயரோடு வெளியே வந்தது, அழுகையாக, ஓலமாக, வயிறு கிழிகிற மாதிரி. முன்னால் போன முதுகுகளில் ஒன்றுகூட அசையவில்லை. தெரிந்த குரல்தான் என்று அவர்கள் நடந்துகொண்டே இருந்தார்கள்.

திரும்பினாள்.

கரையில் பிள்ளை இல்லை. தண்ணீரிலும் இல்லை. கல்லைப் போடும்போது இனியா நின்ற இடத்தில், மண்ணில் நிமிர்த்தி நட்டு, ஒரு சின்னக் கல் நின்றது. அதன் தலையிலிருந்து எண்ணெய் புதுசாக வழிந்துகொண்டிருந்தது.

"அம்மா," என்றது கல். "தாகமா இருக்கும்மா."